மைக்ரோபிட் வி2: திருகோணமலை வகுப்பறையில் கைகொடுப்பதும் காலை வாருவதும்

மைக்ரோபிட்டைக் கையில் எடுத்த எவரும் முதலில் கேட்பது, "இதால என்ன செய்யலாம்?" என்றுதான். தரம் 6 முதல் 9 வரை கற்பிக்கிற ஆசிரியரும், பிள்ளைக்கு ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இது எங்கெங்கே பொய் சொல்லும்? படம் மின்னுவது, பாட்டு வாசிப்பது எல்லாம் இரண்டு பாடவேளையில் பழகிப் போய்விடும். பிள்ளைகளைத் தொழினுட்பத்தைச் சந்தேகிக்கவும் பொறுப்போடு பாவிக்கவும் பழக்குவதற்கு இந்தச் சின்ன அட்டையின் குறைகள்தான் அதிகம் உதவுகின்றன. அந்தக் கண்ணோடுதான் இந்த மதிப்பீடு.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய தீப்பெட்டி அளவுக் கணினி அட்டை: 25 சிவப்பு விளக்குகள், ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள், அசைவுமானி, திசைகாட்டி, ரேடியோ, புளூடூத். பிரித்தானியாவில் பிபிசி 2016இல் ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது இதன் முதல் பதிப்பை. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பான வி2இல் ஒலிபெருக்கி, மைக், தொட்டால் உணரும் சின்னம் ஆகியவை சேர்ந்தன. நினைவகமும் 16 கிலோபைட்டிலிருந்து 128 கிலோபைட்டுக்கு ஏறியது. வாங்கும்போது கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வி2 என்று தொடங்கும் இலக்கம் அச்சாகியிருக்க வேண்டும். முன்பக்கச் சின்னம் பொன்னிறமாகவும், கீழ் விளிம்பு கிளிப் பிடிக்க வசதியாகப் பள்ளம் பள்ளமாகவும் இருக்கும். பழைய பதிப்பை மலிவாகத் தந்தாலும் வேண்டாம். கீழே சொல்லும் பாடங்களில் பாதி அதில் நடக்காது. தனி அட்டையோடு கேபிளோ பற்றரிப் பெட்டியோ வராது என்பதையும் கணக்கில் எடுங்கள். 'கோ' என்ற பொதியில்தான் அவை சேர்ந்து வரும்.

முதல் பாடவேளையின் 40 நிமிடத்துக்குள் ஒரு பிள்ளை எதையாவது ஓடவைத்துவிட முடியும். அதில்தான் இந்தப் பொருள் மற்றவற்றை வெல்கிறது. குரோமில் மேக்கோட் என்ற நிரல் எழுதும் தளத்தைத் திறந்து, கட்டங்களை இழுத்துப் பொருத்தி, டவுன்லோட் செய்த ஹெக்ஸ் கோப்பை (அட்டையில் ஓடும் நிரல் அதில்தான் இருக்கும்) கணினியில் தெரியும் மைக்ரோபிட் டிரைவுக்குள் போட்டால் வேலை முடிந்தது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை. சிறுபிள்ளைகளின் விவரங்களை எங்கும் கொடுக்காமலே தொடங்கலாம்.

முதல் பயிற்சியாகச் சிரித்த முகம் வரைய விடுவது வழக்கம். அதைவிட நல்ல பயிற்சி நம்மிடம் இருக்கிறது. எழுத்தை ஓடவிடும் கட்டத்தில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளுக்குத்தான் உள்ளே உருவம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளே வரையட்டும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் 'ட' எழுத 9 விளக்குப் போதும், 'ப' எழுத 13. ஆய்த எழுத்துக்கு மூன்றே மூன்று. 'ழ', 'ஞ' எழுதப் போனால் தலை வெடிக்கும். எந்த எழுத்து 25 புள்ளிக்குள் அடங்கும், எது அடங்காது, நம் எழுத்தை இதற்குள் வைக்காமல் விட்டவர் யார் என்ற பேச்சு தானாக வரும்.

இனி முதல் நாளே கழுத்தறுக்கும் விஷயங்கள். அட்டையைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியில் டிரைவைக் காணோம் என்றால் பத்துக்கு ஒன்பது தரம் கேபிள்தான் காரணம். பழைய போன் சார்ஜரோடும் பவர்பேங்கோடும் வந்த கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே உண்டு, தரவுக் கம்பி இல்லை. வகுப்புக்கு முன் ஒவ்வொரு கேபிளையும் ஒருமுறை சோதித்து, தேறியதில் சிவப்பு நாடா சுற்றுங்கள். அடுத்தது, டிரைவின் பெயர் மெயின்டனன்ஸ் என்று மாறித் தெரிவது. செருகும்போது பின்பக்க ரீசெட் பொத்தானைப் பிள்ளை அமர்த்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றி, பொத்தானைத் தொடாமல் திரும்பச் செருகினால் சரி. மூன்றாவது, "நான் மாத்தினேன் சேர், மாறேல்ல!" என்ற முறைப்பாடு. டவுன்லோட் கோப்புறையில் ஒரே பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட கோப்புகள் குவிந்திருக்கும். பிள்ளை பழையதை இழுத்துப் போட்டிருக்கும். குரோமிலோ எட்ஜிலோ 'இணை' என்பதை ஒருமுறை அழுத்தி அட்டையைத் தெரிவு செய்துவிட்டால் கோப்பை இழுக்கும் வேலையே இல்லை. பயர்பொக்ஸில் இந்த வசதி இல்லை.

இந்த அட்டைக்குக் கொடுக்கும் பணம் முழுவதையும் நியாயப்படுத்துவது ரேடியோதான். இரண்டு அட்டைகளை ஒரே குழு இலக்கத்தில் (0 முதல் 255 வரை) வைத்தால், இணையமோ வைபையோ இல்லாமலே ஒன்றோடொன்று கதைக்கும். இதை வைத்து வகுப்புத் தலைவர் தேர்தல் ஒன்றை நடத்திப் பாருங்கள். ஏ அழுத்தினால் எண் 1, பி அழுத்தினால் எண் 2 போக வேண்டும். ஆசிரியரின் அட்டை வந்தவற்றை எண்ணும். பதினைந்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

முதல் சுற்றிலேயே யாரோ ஒருவர் ஏ பொத்தானைப் பத்துத் தரம் அழுத்தியிருப்பார். சரி, ஒருமுறை அனுப்பியபின் அனுப்பாதே என்று வாக்களிக்கும் அட்டையில் ஒரு மாறியை (நிரல் ஒரு எண்ணை நினைவில் வைக்கும் இடம்) வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் கெட்டிக்காரர் ரீசெட்டை அழுத்துவார். மாறி பூச்சியத்துக்குப் போய்விடும், மீண்டும் வாக்கு. ஆகவே காவலை வாக்காளர் கையிலுள்ள அட்டையில் வைக்கக்கூடாது, எண்ணும் அட்டையில்தான் வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே புரியும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு தொடரிலக்கம் உண்டு. அதைச் செய்தியோடு சேர்த்து அனுப்பச் செய்து, வந்த இலக்கங்களை ஒரு பட்டியலில் போட்டு, இரண்டாம் முறை வருவதைத் தள்ளிவிடலாம். இங்கே ஒரு பொறி. அனுப்பும் அட்டையில் தொடரிலக்கத்தை அனுப்பு என்ற கட்டத்தை 'ஆம்' என்று வைக்க மறந்தால் எல்லோருடையதும் 0 என்றே வரும். எண்ணும் அட்டை முதல் வாக்கை மட்டும் ஏற்று மற்றவர்களை எல்லாம் கள்ள வாக்கு என்று தள்ளும்.

அதையும் சரிசெய்தபின் கேளுங்கள்: இப்போது யார் யாருக்கு வாக்களித்தார் என்று ஆசிரியரால் பார்க்க முடியுமா? முடியும். கள்ள வாக்கைத் தடுக்கப் போட்ட பூட்டு இரகசிய வாக்கை உடைத்துவிட்டது. இதற்கு ஒரே ஒரு சரியான விடை இல்லை. இலக்கத்தை ஒரு பட்டியலிலும் வாக்கை வேறொரு கூட்டலிலும் பிரித்து வைக்கலாம், ஆனால் எண்ணும் நிரலை எழுதியவரை நம்ப வேண்டியிருக்கும். தரம் 8 பிள்ளைகள் இதை மணிக்கணக்காக வாதாடுவார்கள். விட்டுவிடுங்கள், அந்த நேரம் வீணில்லை.

இன்னும் ஒன்று. இந்த ரேடியோவில் மறைகுறியாக்கம் (பிறர் வாசிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) கிடையாது, கிடைத்ததா என்ற பதிலும் வராது. ஒரே கணத்தில் பலர் அழுத்தினால் சில செய்திகள் காற்றோடு போகும். 24 பேர் வாக்களித்து 22 எண்ணப்பட்டால் திகைக்க வேண்டாம். 'கிடைத்தது' என்று திருப்பி அனுப்பும் ஒரு பகுதியைப் பிள்ளைகளே சேர்க்கட்டும். பக்கத்து வகுப்பில் அதே குழு இலக்கத்தில் ஒரு அட்டை இருந்தால் அது எல்லாவற்றையும் கேட்கும், பொய் வாக்கும் அனுப்பும். ஆசிரியரே பின்வாங்கில் இருந்து ஒரு அட்டையால் ஒட்டுக்கேட்டுக் காட்டலாம். பிறகு வட்ஸ்அப் செய்தி நடுவழியில் மறைகுறியாக்கப்பட்டே போகிறது, ஆனால் செய்தி கிடைத்தவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் எந்தப் பூட்டும் இல்லை என்று சொன்னால் ஒரு வரியில் விளங்கும். ரேடியோவின் அலைவலுவை (எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை) மாற்றலாம்: 0 முதல் 7 வரை, தானாக இருப்பது 6. வகுப்புக்குள் 1 போதும்.

மைக்கும் இதே மாதிரி ஒரு பாடம். அது கேட்கத் தொடங்கினால் பக்கத்தில் மைக் வடிவில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கும் மைக்குக்கான மின்சாரமும் ஒரே தடத்தில் கட்டப்பட்டவை. மைக் வேலை செய்ய, விளக்கு அணைந்திருக்க, நிரலால் செய்ய முடியாது. முயன்று பார்க்கச் சொல்லுங்கள், தோற்கட்டும். பிறகு வீட்டிலுள்ள போனில் மைக் கேட்கிறதா என்று எப்படித் தெரியும், எந்தச் செயலிக்கு யார் அனுமதி கொடுத்தது என்று அமைப்புகளுக்குள் போய்ப் பட்டியல் எடுத்து வரச் சொல்லலாம். ஒலி அளவு 0 முதல் 255 வரை வரும். அதை டெசிபல் என்று எழுதிவிடக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் வகுப்பு அமைதியாக இருந்தாலும் அளவு ஏறும்.

வெப்பநிலை என்று அட்டை காட்டுவது அதன் மின்னணுச் சில்லின் (சிப்) சூட்டை. அறையைவிடச் சில பாகை கூடவே இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் மதியம் ஆய்வுகூடத்தில் பத்து அட்டைகளை ஒரே மேசையில் வைத்தால் பத்தும் ஒரே எண்ணைக் காட்டாது. பிழை என்று ஒதுக்காமல், சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒவ்வொரு அட்டையும் எவ்வளவு கூடச் சொல்கிறது என்று அளந்து, அந்த எண்ணை அட்டையின் பின்னால் ஒட்டி, நிரலில் கழிக்கச் செய்யுங்கள்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஏழு கிணறுகளின் சூட்டையும் அளப்பது திருகோணமலைப் பிள்ளைகளுக்கு வாய்த்த செயற்றிட்டம். அதற்கு அட்டையின் சொந்த உணரி உதவாது, தண்ணீருக்குள் இறக்க முடியாது. நீர்புகாத உறையில் வரும் டிஎஸ்18பி20 உணரி வேண்டும். சிவப்பு வயர் அட்டையின் கீழ் விளிம்பிலுள்ள 3 வோல்ட் வளையத்துக்கு, கறுப்பு கிரவுண்ட் (ஜிஎன்டி) வளையத்துக்கு, மஞ்சள் 'பின் 0' எனப்படும் 0 வளையத்துக்கு, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று. சில உறைகளில் வயர் நிறம் மாறி வரும், விற்பவரின் தாளைப் பார்த்துக் கட்டுங்கள். இந்த உணரிக்கான நீட்சியை (மேக்கோட்டில் சேர்க்கும் கூடுதல் கட்டங்களை) இணையம் உள்ள இடத்தில் முதலே சேர்த்து வைக்க வேண்டும். முதல் அளவு 85 பாகை என்று வந்தால் யாரும் கத்த வேண்டாம். மின்சாரம் வந்த உடனே அந்த உணரி காட்டும் தொடக்க எண் அது, அளந்து முடிக்க முக்கால் செக்கன் ஆகும். வாளியில் அள்ளி அளந்தால் நீர் ஆறிவிடும், உணரியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஒரு நிமிடம் விடுங்கள். போகுமுன் பொறுப்பாக இருப்பவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆட்கள் குளிக்கிற இடம் என்பதால் போன்கள் பைக்குள் இருக்கட்டும், படம் எடுப்பதாக இருந்தால் காட்சித் திரையையும் வயரையும் மட்டும்.

அளவுகளைக் கொப்பியில் எழுதத் தேவையில்லை. வி2இல் தரவுப் பதிவு நீட்சியைச் சேர்த்தால் அட்டைக்குள்ளேயே அட்டவணையாகச் சேரும், பற்றரியைக் கழற்றினாலும் அழியாது. கணினியில் செருகி, டிரைவில் உள்ள தரவுக் கோப்பைத் திறந்தால் போதும். புதிய அளவு தெரியாவிட்டால் கழற்றித் திரும்பச் செருகுங்கள். புதிய நிரலை ஏற்றுமுன் பிரதி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கன்னியாப் பயணம் முழுவதும் போச்சு.

மண் ஈரம் அளப்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது: இரண்டு ஆணி, ஒன்று 3 வோல்ட்டில், மற்றது பின் 0இல், 0 முதல் 1023 வரை அளவு. அப்படியே செய்தால் இரண்டு குறைகள் வரும். ஒன்று, காய்ந்த மண்ணில் எண் நிலையில்லாமல் ஆடும். பின் 0க்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை போட்டால் நிற்கும். மற்றது, ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் ஒரு ஆணி சில நாளில் அரித்துக் கறுத்துவிடும். 3 வோல்ட்டுக்குப் பதிலாகப் பின் 1இலிருந்து மின்சாரம் கொடுத்து, அளக்கும் கணத்தில் மட்டும் அதை 1 ஆக்கி, அளந்ததும் 0 ஆக்குங்கள். நாகம் பூசிய ஆணி, 5 சென்ரிமீற்றர் ஆழம், இடைவெளி 3 சென்ரிமீற்றர், எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு. தம்பலகாமத்து வயல் மண்ணையும் நிலாவெளிக் கரையோர மண்ணையும் இரண்டு பானையில் போட்டு ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால், உப்புக் கூடிய மண் அதிக ஈரம் என்று எண் காட்டும். ஆணி அளப்பது ஈரத்தை அல்ல, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை. உப்பு அதைக் கூட்டிவிடும். எண்ணை அப்படியே நம்பி நீர்விடும் தானியங்கி ஒன்றைச் செய்த குழு, உவர் மண்ணில் பயிரைக் காயவிடும்.

உப்பு பொருளையும் விடாது. கடலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உள்ள பாடசாலைகளில் முதலில் துருப்பிடிப்பது முதலைக் கிளிப்புகள், பிறகு யூ.எஸ்.பி வாயின் உலோகம், பற்றரிப் பெட்டியின் சுருள்கம்பி. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், மாரியில் மாதம் ஒருமுறை பொட்டலம் மாற்றம். தவணை விடுமுறைக்கு முன் பற்றரிகளைக் கழற்றியே வைக்க வேண்டும், உள்ளே கசிந்தால் பெட்டி குப்பைக்குத்தான். விளிம்பு மங்கினால் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள், மணல்தாள் போடாதீர்கள். இரும்பு மேசையில் அட்டையை வெறுமையாக வைப்பதும் ஆபத்து, பின்பக்கம் முழுவதும் திறந்த இணைப்புகள்.

பவர்பேங்கில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: யூ.எஸ்.பி வழியாக ஓடும், ஆனால் மின்சாரம் மிகக் குறைவாக இழுப்பதால் பல பவர்பேங்குகள் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். 5 வோல்ட்டை 3 வோல்ட் வளையத்தில் நேரே கொடுத்தால் அட்டை செத்துப் போகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எச்.சி-எஸ்.ஆர்04 தூர உணரியும் 5 வோல்ட்டில் பதில் சொல்வது. அதன் எக்கோ காலிலிருந்து வருவதை 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளால் பிரித்து 3.3 வோல்ட்டாக்கியே அட்டைக்குக் கொடுக்க வேண்டும். சிறு சேர்வோ மோட்டரை அட்டையிலிருந்தே ஓட்டினால் அசையும் ஒவ்வொரு முறையும் அட்டை மீளத் தொடங்கும். தனிப் பற்றரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

பொதுக் கணினியில் ஒரு சிக்கல்: மேக்கோட் வேலையை உலாவிக்குள்ளேயே சேமிக்கிறது. அடுத்த வகுப்புப் பிள்ளை அதைத் திறக்கலாம், அழிக்கலாம், உலாவி சேமித்து வைத்த தளத் தரவைத் துடைத்தால் எல்லாம் போகும். நல்ல விஷயம், ஹெக்ஸ் கோப்புக்குள்ளேயே மூலநிரலும் இருக்கிறது. பென்டிரைவில் வைத்திருந்து மீண்டும் எடிட்டருக்குள் இழுத்துப் போட்டால் கட்டங்கள் அப்படியே வரும். ஒருமுறை திறந்த மேக்கோட் இணையம் இல்லாதபோதும் ஓடும், புதிய நீட்சி சேர்க்கத்தான் இணையம் வேண்டும். 'பகிர்' பொத்தானை அழுத்தினால் வேலை எவரும் திறக்கக்கூடிய இணைப்பாகிவிடும். செயற்றிட்டத்தின் பெயரில் பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, போன் இலக்கம் இருக்கக்கூடாது என்ற விதியை முதல் வாரமே போடுங்கள். வீட்டில் போன் மட்டுமே உள்ள பிள்ளைகள் புளூடூத் வழியாக ஏற்றலாம், ஆனால் சோடி சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். ரேடியோவும் புளூடூத்தும் ஒரே நிரலில் சேராது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கட்டங்களுக்குப் பதிலாகப் பைதன் மொழியில் எழுதும் எடிட்டர் தரம் 9க்கு மேல் சரி. அங்கே பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் நிரல் வாங்கி வருவார்கள். தடை போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அட்டையைக் கையில் பிடித்தபடி சொல்லவிடுங்கள். அந்தச் செயலிகள் இல்லாத கட்டளையைத் துணிந்து எழுதும், விளக்குகளோடு பகிரும் பின் 3, 4, 10 போன்றவற்றில் உணரியைக் கட்டச் சொல்லும். அட்டை உடனே காட்டிக் கொடுத்துவிடும். மைக்ரோபிட் நிறுவனத்தின் கிரியேட் ஏஐ என்ற கருவியும் நன்று: கைதட்டல், அசைத்தல் போன்ற அசைவுகளைப் பதிந்து, அவற்றை இனங்காணக் கணினியிலேயே பயிற்றுவிக்கலாம். ஒரு பிள்ளையின் அசைவை மட்டும் கொடுத்துப் பயிற்றி, இடதுகைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, எங்கே பிழைக்கிறது என்று பாருங்கள்.

ஆர்டுயினோ என்ற வேறு அட்டை வாங்கலாமே என்றால், உயர்தர வகுப்பு மாணவருக்கு ஆம். தரம் 6க்கு வேண்டாம், பிரெட்போர்ட்டில் (வயர் செருகும் துளைப்பலகையில்) வயர் தேடியே பாடவேளை முடிந்துவிடும்.

24 பேர் வகுப்புக்கு, ஆசிரியரின் அட்டை போக, 12 அட்டை போதும், மேக்கோட்டின் திரைமாதிரியில் மற்றவர் சோதித்துக்கொண்டிருப்பார். அந்தத் தேர்தலுக்கு மட்டும் இரண்டு பேருக்கு ஒரு வாக்கு, அல்லது பக்கத்து வகுப்பிடம் இரவல். கூடவே 14 தரவுக் கேபிள், சுவிச் உள்ள 12 பற்றரிப் பெட்டி, ட்ரிபிள் ஏ பற்றரி 48, முதலைக் கிளிப் வயர் 40, டிஎஸ்18பி20 உணரி 4, 10 கிலோஓமும் 4.7 கிலோஓமும் தலா 20. பணம் இறுகினால் அட்டையில் இரண்டைக் குறையுங்கள், கேபிளில் குறைக்காதீர்கள். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் 1 முதல் 12 வரை இலக்கம் ஒட்டி, அந்த இலக்கமே அந்த அட்டையின் ரேடியோ குழு என்று வகுப்பில் எழுதித் தொங்கவிடுங்கள். பொதுப் பயிற்சிக்கு 100. 7ஆம் அட்டைக்கு 9ஆம் அட்டையின் செய்தி வந்தால், யார் யாருடைய குழுவுக்குள் புகுந்தார் என்று அன்றைக்கே விசாரிக்கலாம்.